சாவண்ணன் விற்ற ஒரு சொல்

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாவண்ணன் என்றுதான் சொல்வார்கள். சினிமாவில் சாகிறவர்களுக்குக் குரல் கொடுப்பது அவர் பிழைப்பு. நாயகனுக்குப் பேச ஆள் உண்டு, நாயகிக்குப் பேச ஆள் உண்டு. குண்டடி பட்டு விழுகிறவனுக்கும் மாடியிலிருந்து தள்ளப்படுகிறவனுக்கும் யார் இருக்கிறார்கள்? சாவண்ணன் இருந்தார். குண்டு என்றால் மூச்சு உள்ளே போகும்போதே அறுபட வேண்டும். கத்தி என்றால் மூக்கு வழியாக வெளியே வர வேண்டும். உயரத்திலிருந்து விழுகிறவனுக்கு மைக்கை விட்டு முகத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே கத்த வேண்டும். கழுத்து என்றால் வாயில் ஒரு மிடறு தண்ணீர். எல்லாம் முடிந்ததும், ‘ஆண்டவனே, பொய்ச் சாவுதான், மனசுல வச்சுக்காதே’ என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்.

“வாசல்ல நின்னு எவனும் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ஆமா” என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆனாலும் கூப்பிடத்தான் செய்தார்கள்.

வீட்டில் மூன்று பேர். அவர், மனைவி, அப்புறம் அண்ணி. அண்ணன் காலமான பிறகு அண்ணி அவர்களோடுதான் இருந்தார். முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, ஊரார் துணிகளைப் பிரித்துப் பெரிசாக்கியும் சின்னதாக்கியும் கொடுப்பார்.

அண்ணன் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர். வேலை விட்டு வந்தால், செருப்பைக் கழற்றும்போதே வாசலிலிருந்து “எசமானி...” என்று இழுப்பார். கடைசியில் குரல் ஒரு படி மேலே ஏறும். கேலிதான். ஆனால் அந்தக் கேலியில் இருந்த பிரியம் தெருவுக்கே தெரியும். அண்ணியை அப்படிக் கூப்பிட உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

வர்ணப்புழுதி அண்ணனின் நெஞ்சைக் கெடுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலை விட்டு அண்ணி நகரவே இல்லை. கண் குழி விழுந்துபோயிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் சாவண்ணன்தான் சொன்னார்.

“அண்ணி, கீழ போய் ஒரு வாய் சாப்பிட்டு வாங்க. நீங்களும் படுத்துட்டா நான் யாரப் பாக்குறது?”

“மனசு கேக்கல தம்பி.”

“நான் இருக்கேன்ல? போங்கன்னா போங்க.”

கிட்டத்தட்ட விரட்டித்தான் அனுப்பினார். அண்ணி படியிறங்கிய கொஞ்ச நேரத்தில் அண்ணன் கண் திறந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பார்த்து, “எசமானி” என்றார். மறுபடியும் ஒரு முறை வாயசைத்தார். அதில் சத்தமில்லை, காற்றுதான் வந்தது. சாவண்ணன் ஓடிப்போய் அண்ணியைக் கூப்பிட்டிருக்கலாம். எழவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, “வந்துருவாங்கண்ணே, இதோ வந்துருவாங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்க அண்ணன் இல்லை.

ஈரக் கையைத் துடைத்தபடி அண்ணி வந்து நின்றபோது, உண்மையைச் சொல்ல அவருக்கு நாக்கு புரளவில்லை.

“தூக்கத்துலயே போயிட்டாரு அண்ணி. ஒண்ணும் பேசல.”

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி எழுந்து நடமாடினார். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், “தூங்கிட்டே போனாரு. அந்த மட்டும் கடவுள் கண்ணத் தொறந்தாரு” என்பார். கேட்கும்போதெல்லாம் சாவண்ணனுக்குக் கழுத்தில் கல்லைக் கட்டியது போலிருக்கும். பொய்தான், ஆனால் ஒரு உயிரைத் தாங்குகிற பொய் என்று தன்னைத் தேற்றிக்கொள்வார்.

வருஷங்கள் போயின. அப்போதுதான் அந்தப் படம் வந்தது. உளவுத்துறையில் இருந்த ஒருவன், துறை கைவிட்டதும் கூலிக்குக் கொலை செய்கிறான். கடைசியில் அவனுக்கு வருகிற வேலை, தன்னுடைய பழைய தலைவரையே கொல்வது. கதை பெரிசு, கை சின்னது. நாயகனுக்கும் வில்லனுக்கும் ஒரே கார், நம்பர் பலகை மட்டும் மாறும். திரைச்சீலையை மாற்றினால் உளவுத்துறை அலுவலகம் மந்திரி வீடாகிவிடும். செத்தவர்கள் அத்தனை பேருக்கும் சாவண்ணன் ஒருவரே குரல்.

தலைவர் சாகிற காட்சிக்கு வந்தபோது சிக்கல். செத்துக்கொண்டிருக்கிற நடிகரின் வாய் எதையோ சொல்லி அசைந்தது. கதைத்தாளில் வசனமே இல்லை.

“என்ன சார் பேசுறாரு?” என்றார் சாவண்ணன்.

டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். “கூப்பிட்டுக் கேட்டேண்ணே. ‘டீ சொல்லியாச்சா’ன்னு கேட்டாராம். டீ கேட்டுக்கிட்டே சாகுற உளவுத்துறைத் தலைவர எங்கண்ணே காட்டுறது? எதையாவது போட்டு மூடுங்க. ஆனா உசுரு போகணும்.”

சாவண்ணன் முனகினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்டு இன்ஜினியர் சிரித்தார். “அண்ணே, இதே சாவத்தான் வாட்ச்மேனுக்கும் குடுத்தீங்க.”

வேறு மாதிரி முனகினார். “இது மந்திரியோட சாவு” என்றார் இன்ஜினியர்.

மறுபடி காட்சி ஓடியது. திரையில் கட்டில், காலியான நாற்காலி, அசைகிற வாய். சாவண்ணன் கண்ணை மூடினார். என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. தொண்டையிலிருந்து அண்ணன் கூப்பிட்டார்.

“எசமானி...”

அடுத்த நிமிஷம் டைரக்டர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். “யாருண்ணே அந்த எசமானி? புல்லரிச்சுப் போச்சு! அது ஒரு ரகசியப் பேரு. அவளத் தேடிப் போறதுதான் அடுத்த பாகம்!”

“வேணாம் சார். சும்மா வாயில வந்துச்சு. அழிச்சிருங்க.”

“அழிக்கிறதா? நல்லா வந்தீங்க போங்க. மைக்ல லேசா ‘புஸ்’ஸுன்னு விழுந்துருச்சு. இன்னொரு தடவ குடுங்க. அப்படியே.”

இங்கேதான் அவர் தப்பு செய்தார். முதல் முறை தானாக வந்தது, ஆண்டவன் அதை மன்னித்திருப்பான். இரண்டாம் முறை அவர் வரவழைத்தார். அண்ணனின் முகத்தை நினைத்து, காலி நாற்காலியை நினைத்து, கடைசியில் ஒரு படி தூக்கி, முன்னதை விடச் சுத்தமாகக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். தட்டியது அவருக்குப் பிடித்தும் இருந்தது. அன்றைக்கு ‘பொய்ச் சாவுதான்’ என்று ஆண்டவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

படம் வெளியாகும் வாரம் தெருமுனைச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். துப்பாக்கியோடு நாயகன். கீழே கொட்டை எழுத்தில்: ‘யார் அந்த எசமானி?’

சாவண்ணன் வேறு வழியாகச் சுற்றி வீட்டுக்கு வந்தார். அதற்குள் அண்ணி பார்த்துவிட்டிருந்தார்.

“தம்பி, சுவத்துல பாத்தீங்களா? என் பேர எவளோ எடுத்துக்கிட்டா!” என்று சிரித்தார். அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. “நீங்க வேல பாத்த படம்தானே? எனக்கும் ஒரு டிக்கெட் வாங்குங்க. என் பேருல படம் வருது, நான் பாக்க வேணாமா?”

“ஒரே ரத்தமா இருக்கும் அண்ணி.”

“போங்க தம்பி, நான் குத்திக்காத ஊசியா?”

மறுநாள் இன்ஜினியரிடம் போய் நின்றார். “அந்த ஒரு சொல்ல மட்டும் எடுத்துர முடியாதா தம்பி?”

“என்னண்ணே விளையாடுறீங்களா? படம் தியேட்டருக்கே போயிருச்சு. படத்துல உருப்படியா இருக்கிறதே அது ஒண்ணுதான்.”

அன்று தட்டின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். “பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்களே, என்னங்க?” என்றாள் மனைவி. ஒன்றுமில்லை என்றார். அண்ணி அந்தக் குரலைக் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துகொள்வார். தியேட்டர் இருட்டில், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் தெரிந்துகொள்வார். அதற்கு முன்னால் தான் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டதில் படத்துக்குப் போகிற நாளே வந்துவிட்டது.

அண்ணி ஒரு பழைய கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். சாவண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார். அண்ணன் கண் விழித்ததை, கூப்பிட்டதை, தான் எழாமல் இருந்ததை, மைக்கை. அண்ணியின் கை நிற்கவில்லை. பிரிக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, நல்ல தையலையும் பிரித்துக்கொண்டே போனது.

“நான் கீழ சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”

“ஆமா அண்ணி.”

“அன்னிக்கு நல்ல பசி தம்பி. பத்தாம மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டேன்.”

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அதுவரை அவருக்கு அது தெரியாது.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க தாங்க மாட்டீங்கன்னு...”

“சினிமாக்காரங்க தாங்குவாங்கன்னு அங்க போய்ச் சொன்னீங்களாக்கும்.”

அண்ணி கோட்டை மடித்து வைத்து எழுந்தார்.

“கிளம்புங்க. நேரமாகுது.”

“எங்க அண்ணி?”

“படத்துக்குத்தான்.”

பகல் காட்சி. பாதி இருக்கைகள் காலி. முன் வரிசையில் இருந்தவர்கள் படத்தைப் பிய்த்து எறிந்துகொண்டிருந்தார்கள். “டேய், இது வில்லன் காருடா!” “யோவ், அதே ஆளு மறுபடியும் சாகுறான்யா!” ஒவ்வொரு சாவுக்கும் சாவண்ணன் இருக்கைக்குள் இன்னும் கொஞ்சம் அமிழ்ந்தார். கட்டில் வந்தது, நாற்காலி வந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

“எசமானி...”

தியேட்டரின் நாலு சுவரிலிருந்தும் அண்ணன் கூப்பிட்டார்.

முன் வரிசையில் ஒருவன், “யார்ரா அது?” என்று கத்தினான். விசில் பறந்தது. சிரிப்பு. சாவண்ணனுக்கு எழுந்து போய் அவன் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. பொத்த வேண்டிய வாய் எது என்பதும் தெரிந்தது. அண்ணி அசையவில்லை, அழவில்லை. மீதிப் படம் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாயகன் அதற்குப் பிறகு யார் யாரையோ சுட்டான்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அண்ணி கேட்டார்.

“அப்படியேதான் கூப்பிட்டாரா?”

“அப்படியேதான் அண்ணி.”

“ஒரு தடவதானா?”

“ரெண்டு. ரெண்டாவதுல சத்தம் வரல. காத்து மட்டுந்தான்.”

“அத எங்கயாச்சும் குடுத்தீங்களா?”

“இல்ல அண்ணி. சத்தியமா இல்ல.”

“குடுக்காதீங்க. அது என்னோடது.”

சாவண்ணன் கை கூப்பாத குறையாக, “என்னை மன்னிச்சிருங்க அண்ணி” என்றார்.

“அதெல்லாம் அப்புறம் பாக்கலாம்” என்றார் அண்ணி.

பஸ் வந்தது. அண்ணி முன்னால் ஏறினார். ஜன்னலோரமாக இரண்டு இடம் சேர்ந்தாற்போல் காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய், யாரோ ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அந்த இரண்டு இடத்தில் ஒன்றில் உட்கார சாவண்ணனுக்குத் துணிவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் நின்றே வந்தார்.