பெயருக்குத் தலைவர்

சபைத் தலைவர் பதவிக்கு மரக்கடைக்காரரும் பள்ளித் தாளாளரும் முட்டிக்கொண்டு நின்றார்கள். யார் ஜெயித்தாலும் மற்றவர் கோர்ட்டுக்குப் போவார் என்று பயந்த போதகர், யாரோடும் வம்புதும்பு இல்லாத குழாய்க்காரரைப் பிடித்துத் தலைவராக்கினார்.

ஐம்பது வயதுவரை அடுத்த வீட்டுச் சாக்கடையில் கையை விட்டுப் பிழைத்த மனிதர். சீடர்களின் காலைக் கழுவிய ஆண்டவரை அப்படியே நம்பியவர். தலைமை என்றால் குனிவது என்று எடுத்துக்கொண்டார். நாற்காலிகளை அவரே போட்டார். கழிப்பறை அடைத்துக்கொண்டால் ஆராதனைக்கு முன்பே குத்திவிட்டார். முதலில் மெச்சினார்கள். போகப்போக அது வசதியாகிவிட்டது. கூட்டம் நடக்கும்போதே மரக்கடைக்காரர், "தலைவரே, பின்பக்கம் குழாய் ஒழுகுதாம், ஒரு எட்டு பாத்துட்டு வந்துருங்க" என்பார். அவர் திரும்புவதற்குள் தீர்மானம் எழுதி முடிந்திருக்கும், கையெழுத்துதான் பாக்கி.

சபைப் பள்ளியில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவைத் தாளாளர் வேலையை விட்டு நிறுத்தினார். அந்த வேலை அவருடைய உறவுக்காரிக்குத் தேவைப்பட்டது. புருஷனை இழந்த ஆயா, தலைவராச்சே என்று நம்பி குழாய்க்காரரிடம் வந்து அழுதாள். அவர் தாளாளரின் அறைக்குப் போய்க் கைகட்டி நின்று அவளுக்காகக் கேட்டார்.

"நீங்க பணிவானவர்னுதானே உங்கள வச்சோம்" என்று சிரித்தார் தாளாளர். "அப்படியே இருங்க."

அடுத்த கூட்டத்தில் குழாய்க்காரர் ஆயாவின் பேச்சை மறுபடி எடுத்தார். "என்ன, குழாய் ரிப்பேரா?" என்று யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவர் மேசையில் ஓங்கி அறைந்தார்.

"நான்தான் இங்க தலைவர். நான் சொல்றதுதான் நடக்கும்."

அறை கப்சிப் என்றானது. ஆனால் எதுவும் நடக்கவில்லை. அதுவரை எலியும் பூனையுமாக இருந்த மரக்கடைக்காரரும் தாளாளரும் அன்று கைகோத்துக்கொண்டார்கள். பதவி தலைக்கேறிவிட்டது என்று சொல்லி, ஒருமனதாக அவரை இறக்கினார்கள். போதகர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழாய்க்காரர் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அந்தம்மாவுக்காக மேசையத் தட்டினீங்களா, அவங்க சிரிச்சதுக்காகவா?"

அவர் மடித்த துணிகளை எடுத்துப்போய் அலமாரியில் அடுக்கினார்.

ஆயா இப்போது நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். தெருவில் பார்த்தால், "விடுங்கண்ணே, உங்களால என்ன முடியும்" என்று அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஞாயிறுதோறும் சபைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்காருகிறார். பழக்கதோஷத்தில் யாராவது "தலைவரே" என்று கூப்பிட்டால் உள்ளே குளுகுளுவென்று இருக்கிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் கண்ணை மூடுகிறார். மூடிய கண்ணுக்குள் எல்லாரும் வாயடைத்துப்போன அந்த ஒரு நொடிதான் வருகிறது. அது இனிக்கிறது. ஜெபம் மட்டும் வரவில்லை.