புகை ஏறிய புத்தகம்

அந்தப் புத்தகத்தை இன்றும் திறந்தால் முதலில் வருவது பூண்டு வாசம்தான். அட்டை புகையில் பழுத்துக் காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. கடைசிப் பக்கங்கள் இல்லை. இல்லாமல் செய்தவன் நான்.

மன்னவனூரில் எங்கள் வீட்டில் இருந்த ஒரே கதைப் புத்தகம் அது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோன அப்பா, அடிவாரத்தில் ஒரு பழைய புத்தகக் கடையில் அக்காவுக்காக வாங்கி வந்தார். காட்டில் வழி தப்பிய ராஜகுமாரி வீடு தேடி அலையும் கதை. அக்கா அதை ஒரே மூச்சில் படித்துவிட மாட்டாள். உருளைக்கிழங்குக் காட்டிலிருந்து வந்து, கைகால் கழுவி, வாரத்துக்கு இரண்டு பக்கம் எனக்குச் சத்தமாகப் படிப்பாள். பிடித்த தின்பண்டத்தை வைத்து வைத்துத் தின்பதுபோல முடிவை மிச்சம் வைத்திருந்தாள். அந்த ஐப்பசி மழையில் அட்டையில் பூஞ்சை பூத்தது. அக்கா பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த நேரம். எங்கள் ஊரில் விதைப்பூண்டைக் கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவோம்; புகை பட்டால் மாதக்கணக்கில் கெடாது. பூண்டைக் காப்பாற்றும் புகை புத்தகத்தைக் காப்பாற்றாதா என்று எனக்கு ஒரு பெரிய மூளை. ஒரு கட்டோடு சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டேன், அதுவும் அடுப்புக்கு நேர் மேலே. இரண்டு வாரம் கழித்து அக்கா வந்ததும் பெருமையாக அவிழ்த்தேன். கடைசிப் பக்கங்கள் அப்பளமாக நொறுங்கி என் கையிலேயே உதிர்ந்தன.

"ஏலே, பூண்டுக்கும் பொஸ்தகத்துக்கும் ஒரே வைத்தியமா?" என்று தலையில் குட்டினாள். பிறகு அழுதாள். குட்டு வலிக்கவில்லை.

அதன்பின் முடிவை அவளே இட்டுக்கட்டிச் சொன்னாள். நான் தண்ணீர் தூக்கிக் கொடுத்த நாளில் ராஜகுமாரி மன்னவனூருக்கே வந்து கேரட் போட்டுப் பிழைத்தாள். வேலைக்கு டிமிக்கி கொடுத்த நாளில் அவளைச் செந்நாய் தின்றது.

போன வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அக்கா கேட்டாள்: "நெசமாவே அந்தப் புள்ள வீடு போய்ச் சேந்துச்சாலே? எங்கிட்டாவது இன்னொரு பொஸ்தகம் கெடக்கும். வெரசாப் பாத்துச் சொல்லு."

"பாக்கலாம்க்கா" என்றேன். நான் தேடத் தொடங்கியபோது அவளுடைய பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது.

பல இடத்தில் விசாரித்ததில், தேசிய நூலகத்தில் ஒரு பிரதி இருப்பதாகத் தெரிந்தது. இரண்டு நாள் ரயில் பயணம். அங்கே பழைய நூல் பிரிவில் என் பையையும் பேனாவையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள். தமிழ்ப் பகுதியைக் கவனிக்கும் அம்மா ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து, துணித் தலையணைமேல் புத்தகத்தை வைத்தார்.

"மெதுவாப் புரட்டுங்க சார், தாள் பொடியாயிரும்."

"தெரியும்ங்க" என்றேன். என்னைவிட அது யாருக்குத் தெரியும்? குனிந்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசமும் இல்லை. சுற்றிலும் அலமாரி அலமாரியாகப் பழம்புத்தகங்கள். முகம் தெரியாத யார் யாரோ எங்கள் கதையையும் இத்தனை காலம் பூஞ்சை அண்டாமல் காத்து வைத்திருந்தார்கள். அக்கா உயிரோடு இருந்தபோதும் அது இங்கேதான் இருந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

கதை நாலே வரியில் முடிந்திருந்தது. ராஜகுமாரி வீடு போய்ச் சேர்கிறாள். வாசலில் அவள் தாய் நிற்கிறாள். அவ்வளவுதான். ஓடிப்போய் அக்காவிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவன் அந்த அமைதியான அறையில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு வரியைப் படியெடுக்கத்தான் போயிருந்தேன். பென்சிலை எடுத்ததும் சீட்டில் எழுதியது வேறு.

"போய்ச் சேந்துட்டாக்கா."

அந்தச் சீட்டை எங்கள் புத்தகத்தில், பக்கங்கள் உதிர்ந்த இடத்தில் வைத்திருக்கிறேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். அதிலும் பூண்டு வாசம் ஏறிவிட்டது.