சூடம் அணைக்காத சாட்சி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், ஒரு தை மாதம். கொல்லிமலையில் திருப்புலி நாட்டுச் சிற்றூர் ஒன்றில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். வயது இருபத்திரண்டு. மலை ஏறி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரையே மாற்றிவிடுவேன் என்ற துடிப்பில், எதிரே வருகிறவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் நடுப்பகலில், ஒரு குடியானவரின் அறுத்து அடுக்கிய சாமைக் கதிர்ப் போர் களத்திலேயே எரிந்துபோனது. அந்த வீட்டின் வருஷச் சாப்பாடு அது. வரப்புத் தகராறில் அவரோடு சண்டை போட்டிருந்த பக்கத்துக் காட்டுக்காரர் மேல் பழி விழுந்தது. ஆனால் அந்த மனுஷர் அன்று காலையிலிருந்து மாடு திரும்பும் வரை எங்கள் பள்ளிக்கூடத்துக் கூரைமேல் உட்கார்ந்து புல் வேய்ந்துகொண்டிருந்தார். கீழே நின்று புல்கட்டு எடுத்துக் கொடுத்தவன் நான். பிள்ளைகள் காட்டு வேலைக்குப் போயிருந்ததால் வேறு சாட்சி இல்லை.

மறுநாள் கோயில் முன்னால் ஊர் கூடியது. குற்றம் உறுதியானால் அவர் குடும்பத்தையே தள்ளி வைத்துவிடுவார்கள். நெருப்புகூட யாரும் கொடுக்க மாட்டார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். ஊர்க்கவுண்டர் தலையசைத்து, தட்டில் சூடம் ஏற்றச் சொன்னார்.

"அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க வாத்தியாரே. அவன் ஊட்டுக்குப் போகட்டும்."

கையை நீட்டினால் முடிந்தது. நீட்டவில்லை.

"மன்னிக்கணுங்க. சத்தியமே செய்யக் கூடாதுன்னு எங்க ஆண்டவர் சொல்லியிருக்காருங்க. நான் ஆமான்னா ஆமாந்தானுங்க."

கீழே சமவெளியிலிருந்து வந்திருந்த கணக்குப்பிள்ளை சிரித்தார். "கோர்ட்டிலே உங்க ஆளுங்க வேதப் புஸ்தகத்தைத் தொட்டுச் சத்தியம் பண்றாங்களே! சூடம் ஆகாதுன்னா உம்ம பையிலே இருக்கிற புஸ்தகத்தை எடும்."

ஒரு கணம் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் செய்யாதே என்று எழுதியிருப்பதே அந்தப் புஸ்தகத்துக்குள்தானே! அதையே சொன்னேன்.

"பேச்சுக்குப் பேச்சு 'சத்தியமாச் சொல்றேன்'னு பள்ளிக்கூடத்துல கத்தற ஆளுதானே நீங்க?" என்றார் கவுண்டர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் காது சூடேறியது.

"அது என் வாய்க்கொழுப்புங்க. இன்னையோட விட்டுடறேன். ஆனா இது முடியாதுங்க."

"அப்ப இவனைத் தள்ளி வெச்சாச்சு. நீங்களும் மலை எறங்கிக்கலாம்."

கூரை வேய்ந்தவர் என்னையே பார்த்தார். கவுண்டரின் கோபத்தைவிட அந்தப் பார்வையைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

"எறங்க மாட்டேனுங்க. அவரைத் தள்ளுனா என்னையும் தள்ளுங்க. அவர் ஊட்டுப் பக்கத்துலயே குடிசை போட்டுக்கறேன். யார் கேட்டாலும், அவர் கூரைமேலதான் இருந்தாருன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து கவுண்டரின் மனைவி எழுந்தார்.

"ஏனுங்க, பட்டாளத்துல நம்ம பையனுக்குக் கால் போச்சுன்னு காயிதம் வந்துச்சே, படிச்சது இந்த வாத்தியாருதானே? நல்லா இருக்கான்னு மாத்திப் படிச்சிருந்தா நமக்கென்ன தெரியும்? அன்னைக்குச் சூடமா ஏத்துனீங்க?"

தட்டிலிருந்த சூடம் தானாகவே எரிந்து முடிந்தது. கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வாத்தியார் சொன்னது போதும்" என்று எழுந்துவிட்டார்.

திரும்பும் வழியில் கூரை வேய்ந்தவர், "உங்க சாமி ரொம்பப் பிடிவாதமுங்க. எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு" என்றார்.

அன்று மறுத்ததற்காக நான் வருந்தவில்லை. இன்னொரு முறை கேட்டாலும் மறுப்பேன். ஆனால் அத்தனை நாள் செய்த பிரசங்கத்தில் ஒன்றுகூட அன்று எனக்குத் துணை வரவில்லை; ஒரு தாயின் முன்னால், படிக்கவே மனம் வராமல், மாற்றாமல் படித்த நாலு வரிதான் என் விசுவாசத்துக்குச் சாட்சி சொன்னது.