ஆறு வரிப் பேச்சு

போன மாதம் ஒரு மேடையில் பேசியது நான் இல்லை. ஆனால், வியர்த்துக் கொட்டியது எனக்குத்தான்!

பேசியவர் கனகமணி. அன்னூரைத் தாண்டி உள்ளே ஒரு கிராமம். அங்கே நடுநிலைப் பள்ளியில் என் மனைவி டீச்சர். கனகமணி சத்துணவு சமைப்பவர். அவருடைய மகள் செல்வி அங்கே எட்டாவது முடித்துவிட்டு, பக்கத்து ஊரில் ஒன்பதாவது படிக்கிறாள்.

அந்த ஊரில் பள்ளி விடுவது நாலரை மணிக்கு. பஸ் கிளம்புவது நாலு பத்துக்கு. அடுத்த பஸ் ஏழு மணிக்கு. பிள்ளைகள் என்ன செய்வார்கள்? சோளக்காட்டு வழியே ஆறு கிலோமீட்டர் நடக்கிறார்கள். இரண்டு பெண்களைப் பெற்றோர் நிறுத்திவிட்டார்கள். செல்வியின் அப்பாவும் சொல்லிவிட்டார்... தீபாவளி வரைக்கும்தான், அப்புறம் வீட்டோடு இருக்கட்டும் என்று.

என் மனைவியின் பள்ளியில் புதுக் கட்டடத்தைத் திறக்கக் கலெக்டர் வருகிறார். ஊர்ப் பெற்றோர் சார்பில் ஒருவர் இரண்டு நிமிடம் பேசலாம். யாரும் முன்வரவில்லை. கனகமணி கை தூக்கிவிட்டு, பயந்துபோய் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

விடுவேனா நான்? உட்கார்ந்து ஐந்து பக்கம் எழுதினேன். பெண் கல்வி, நாட்டின் எதிர்காலம், விளக்கு, வெளிச்சம் – ஒன்றையும் விட்டு வைக்கவில்லை.

வாசித்து முடித்ததும் கனகமணி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்க சார், இதுல பஸ்ஸு எங்கீங்க வருது?"

"நாலாவது பக்கத்துலங்க."

"அதுக்குள்ள கலெக்டரய்யா ஜீப்புல ஏறிப் போயிருவாருங்களே..."

என் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் போய்விட்டாள்.

எழுதியதை அடித்தேன். என் கையாலேயே. அழகான வரியை அடிக்கும்போது சொந்தப் பல்லைப் பிடுங்குவது போலத்தான் இருக்கிறது. கடைசியில் ஆறு வரி மிஞ்சியது. ஆனால், அதற்கு முன்னால் அந்த 'அவர்களே' வரிசை இருந்ததே! தலைமை ஆசிரியர் அவர்களே, பஞ்சாயத்துத் தலைவர் அவர்களே என்று ஒன்பது பேர். வாட்ச் வைத்துப் பார்த்தோம். அதற்கே ஒரு நிமிடம் போனது.

"தலைவர் பேர உட்டுப்போட்டா வம்புங்க சார். நாளைக்கு எம் பொழப்புல கை வெச்சா, நான் எங்க போவேனுங்க?"

நியாயமான பயம். ஒன்பது பேரையும் அப்படியே வைத்தோம்.

விழா அன்று எல்லாரும் பேசினார்கள். ஒவ்வொருவரும் 'இரண்டே வார்த்தை' என்று ஆரம்பித்து இருபது நிமிடம்! கலெக்டர் மூன்று முறை வாட்சைப் பார்த்தார். அப்புறம்தான் தலைமை ஆசிரியர் மைக்கைப் பிடித்தார். "நேரமின்மை காரணமாக, கனகமணி அம்மா ஒரே ஒரு நிமிடம் பேசுவார்."

ஒரு நிமிடமா? பெயர்களைச் சொன்னால் பஸ் போச்சு. பஸ்ஸைச் சொன்னால் தலைவர் கோபிப்பார்.

கனகமணி மைக் முன்னால் நின்றார். மைக் அவருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. இறக்கிவிட யாரும் வரவில்லை. கையில் இருந்த காகிதத்தைப் பிரித்தார். அந்தச் சரசரப்பு ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் என்னைத் தேடிப் பார்த்தார். நான்... வெட்கத்தோடு சொல்கிறேன், தலையைக் குனிந்துகொண்டேன்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க" என்று குரல் வந்தது.

அவ்வளவுதான். ஒரு பெயரும் வரவில்லை!

"பக்கத்தூரு இஸ்கூலு உடறது நாலரைக்குங்கய்யா. பஸ்ஸு போறது நாலு பத்துக்குங்க. புள்ளைக காட்டு வழியே நடந்து வருதுக. ரெண்டு புள்ளை நின்னுபோச்சுங்க. அடுத்தது எம் புள்ளைங்க. பஸ்ஸ அரை மணி நேரம் தள்ளி உட்டாப் போதுமுங்க."

நன்றிகூடச் சொல்லவில்லை. காகிதத்தை மடித்துக்கொண்டார்.

எழுந்துவிட்ட கலெக்டர் திரும்ப உட்கார்ந்தார். "அரை மணி நேரம் மட்டும்தானா?"

"ஆமாங்கய்யா. புது பஸ்ஸெல்லாம் வேண்டாமுங்க."

அவர் தலைவர் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்குத் தெரியுமா?"

தலைவர் என்னவோ முணுமுணுத்தார். விழா முடிந்து போகிறபோது கனகமணியின் அருகே வந்து நின்றார். "எம் பேரச் சொல்றதுக்கு வாய் வருலியா அம்மணி?"

அந்த ஒரு கேள்வி மூன்று வாரம் எங்களை ஆட்டி வைத்தது. பஸ்ஸும் மாறவில்லை. தலைவரும் கனகமணியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலைக்கு ஆபத்து வருமா? நான்தான் கெடுத்துவிட்டேனா? தினமும் மாலையில் மனைவி வந்ததும் என் முதல் கேள்வி, "ஏதாவது தெரிஞ்சுதா?"

இந்தத் திங்கட்கிழமை அந்த பஸ் நாலு நாற்பதுக்குக் கிளம்பியது. செல்வி ஏறி, உட்கார்ந்தே வந்தாளாம். தலைவர் மட்டும் இன்னும் பேசவில்லை. கனகமணியின் வேலை இருக்கிறது, பயமும் இருக்கிறது.

பேச்சு என்பது கேட்பவர் எழுந்து போவதற்குள் போய்ச் சேர வேண்டிய சேதி. அலங்காரத்திலேயே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு இது இப்போதுதான் உறைக்கிறது.

நேற்று கனகமணி வீட்டுக்கு வந்தார். அடுத்த கூட்டத்தில் குடிதண்ணீர் பற்றிப் பேசப் போகிறாராம். நான் ஆர்வமாகப் பேனாவை எடுத்தேன்.

"எழுத வேண்டாமுங்க சார். முன்னால வந்து உக்காந்து, தலைய மட்டும் குனியாம இருங்க!"