மஞ்சள் ஸ்டிக்கர்

ஜியாப் அக்காவிடம் பேச்சு வாங்காதவர் எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் இல்லை, நான் உட்பட. தாய்லாந்தின் ரயோங் தொழிற்பேட்டையில், ஆலைகளின் வெப்பமானிகளைச் சரிபார்த்துத் தருவது எங்கள் வேலை. கால் டிகிரி தப்பினாலும் அளவெழுதிய காகிதத்தை முகத்திலேயே விட்டெறிவாள். பதினாறு வருஷமாக அப்படித்தான்.

அன்று காலை, வெப்பமானிகளைச் சூடாக்கிச் சோதிக்கும் பழைய உலை ஒன்று சவாங் பெரியப்பாவின் காயலான் கடைக்குப் போயிருந்தது. ஓய்வுபெறும் கருவியில் ஒரு ஸ்டிக்கர்கூட மிஞ்சக் கூடாது என்பது எங்கள் விதி. பழைய சீட்டை நம்பி யாராவது அதை மறுபடி பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயம். உரித்ததையெல்லாம் கோப்பில் ஒட்ட வேண்டும். காலை அவசரத்தில் படிக்காமலே உரித்து வைத்ததை மத்தியானம் அக்கா ஒட்டிக்கொண்டிருந்தாள். எண் ஒன்று, தேதி ஒன்று. மூன்றாவது மஞ்சள். அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

'மூடிய குழாயில் சோடியம். வெட்டாதீர். தண்ணீர் படக் கூடாது.'

உலைக்குள் சூட்டைச் சமமாகப் பரப்புவது அந்தச் சோடியம்தான். மூடியிருக்கும்வரை சாது. தயாரித்தவருக்கே திருப்பி அனுப்ப வேண்டிய பொருளைக் கிடங்கில் வெறும் இரும்பு என்று தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

"வண்டிய எடுடா," என்றாள். "சவாங் பெரியப்பா தண்ணி விட்டுத்தான் வெட்டுவாரு."

அவருக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது. வெட்டு மெஷின் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? பைக்கில் அக்கா பின்னால் உட்கார்ந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

நாங்கள் போனபோது மேல்தகடு கழன்று கிடந்தது. உள்குழாய் மேல் மெஷின் கிறீச்சிட்டது. சவாங்கின் மனைவி பக்கத்தில் நின்று வெட்டும் இடத்தில் ரப்பர் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அக்கா நேராக ஓடி முதலில் தண்ணீரை மூடினாள், பிறகு மெஷினின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"என்னம்மா, குடுத்ததத் திருப்பிக் கேக்க வந்தியா?" என்றார் சவாங்.

"உள்ள சோடியம் இருக்கு பெரியப்பா. ஓட்ட விழுந்து தண்ணி பட்டா வெடிச்சிடும்."

"முப்பது வருஷமா வெட்றேன். எனக்கே பூச்சாண்டி காட்றியா?"

அக்கா குனிந்து வெட்டுத் தடத்தைத் துணியால் துடைத்தாள், நகத்தால் தடவிப் பார்த்தாள். பாதி ஆழத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் போதும். பெரியம்மாவுக்கும் அதற்கும் ஒரு கை தூரம்.

"அதுல ஒண்ணும் ஒட்டலியே," என்றாள் பெரியம்மா.

"ஒட்டியிருந்துச்சு பெரியம்மா. நான்தான் உரிச்சேன்."

அக்காவுக்கு நல்ல வசவு விழும் என்று காத்திருந்தேன். சவாங் மெஷினைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கேலி போயிருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாது ஜியாப். மஞ்சளா எதாச்சும் ஒட்டியிருந்தா மட்டும் கை வைக்க மாட்டேன். இத ரெண்டு தடவ திருப்பித் திருப்பிப் பாத்தேன்மா."

அக்கா அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். பெரியம்மாதான் அவளைக் கைகொடுத்து எழுப்பினாள்.