இல்லாத திரையில் இருந்த தாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு ஜோசியம் எதிலும் எனக்குப் பிடிப்பு கிடையாது. பழவங்காடி வழியாகப் போனால் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பேன், அதோடு என் பக்தி முடிந்தது. பதினெட்டு வருஷமாகத் திருவனந்தபுரத்து வக்கீல்களுக்குத் தமிழ்ப் பத்திரங்களை மலையாளத்தில் பெயர்த்துக் கொடுக்கிறேன், உயில், பாகப்பிரிவினை, கிரயம் என்று ஊரார் வீட்டுச் சண்டைகளைப் படித்துப் படித்து, மனுஷரைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருமே தவிர ஆவியை நினைத்து ஒரு நாளும் வந்ததில்லை. நீங்களும் முழுசாகக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் ஏதோ கோளாறு என்றுதான் சொல்லப்போகிறீர்கள். சொல்லுங்கள், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் பெயர் பகவதி. பிறந்தது நாகர்கோவில், கல்யாணமாகி வந்தது இங்கே ஆரியசாலைக்கு. கணவர் முத்துசாமி எங்கள் தெருவிலேயே ஒரு வற்றல் மிளகாய் மொத்தக் கடையில் குடோன் பார்க்கிறார், நான் மாடியில் முன்னறையில் உட்கார்ந்து வேலை செய்வேன், காலை பத்திலிருந்து பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வரைக்கும். என்னிடம் ஒரு லேப்டாப், அதோடு ஒரு மானிட்டர். ஒன்றில் மூலப் பத்திரம், ஒன்றில் என் மொழிபெயர்ப்பு. அகராதியைத் திறந்தால் இரண்டில் ஒன்று மறைந்துவிடும், நாள் முழுக்க இதை இழுத்து அதை இழுத்துக் கண் வலிக்கும். என் தம்பி முருகேசன் நாகர்கோவிலில் இருக்கிறான், அவன் ஆபீசில் மாற்றிப்போட்ட ஒரு பழைய மானிட்டரை ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தான், அவ்வளவு பிரியம் அவனுக்கு. ஆனால் லேப்டாப்பில் மானிட்டர் மாட்ட ஒரே ஒரு துளைதான் இருந்தது. அதனால் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற அனிலைக் கூப்பிட்டேன். அவன் தீப்பெட்டி அளவில் ஒரு அடாப்டர் கொண்டுவந்தான், ஒரு பக்கத்தை யுஎஸ்பியில் செருகி மறுபக்கத்தில் மானிட்டர் வயரை மாட்டினால் மூன்றாவது திரையும் எரியும் என்றான். எரிந்தது.

ஆனால் செட்டிங்ஸில் பார்த்தால் மூன்றுக்குப் பதில் நான்கு கட்டங்கள் இருந்தன. நான்காவது, லேப்டாப்புக்கு இடப்பக்கத்தில். அங்கே எங்கள் வீட்டில் சுவரும் ஒரு காலண்டரும்தான் உண்டு.

"அது கோஸ்ட் டிஸ்ப்ளே சேச்சி," என்றான் அனில். "டிரைவர் செரிக்கு ஏறாட்டா இப்படி இல்லாத மானிட்டர் ஒண்ணைக் காட்டும். குழப்பமில்ல, நான் ஆஃப் பண்ணித் தாறேன்."

ஆஃப் செய்தான். மறுநாள் லேப்டாப்பைத் திறந்தால் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. மவுஸைக் கொஞ்சம் அதிகமாக இடப்பக்கம் தள்ளினால் அம்பு சுவருக்குள் போனது மாதிரி காணாமல் போய்விடும். சில ஃபைல்கள் அந்தப் பக்கம் போய்த் திறந்துகொள்ளும், எதையும் பார்க்க முடியாது, விண்டோஸ் பட்டனையும் ஷிப்டையும் அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் திரும்பத் தாவி வரும். பழகிவிட்டது. வேலை நடக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் வந்ததுதான் நடராஜனின் உயில். நடராஜன் எங்கள் தெருவில் கருப்பட்டி மொத்த வியாபாரி. அவர் அப்பா நாகர்கோவில் பக்கம் பதிவு செய்த தமிழ் உயில், கையெழுத்தில் எழுதியது. கடையும் வீடும் யாருக்கு என்று நடராஜனுக்கும் அவருடைய அக்கா பொன்னம்மாளுக்கும் இங்கே கோர்ட்டில் வழக்கு. நடராஜனுடைய வக்கீல் ஸ்ரீலதா எனக்குப் பல வருஷப் பழக்கம், உயிலைப் பெயர்க்க என்னிடம் அனுப்பினார். நடராஜனே பென் டிரைவில் ஸ்கேன் கொண்டுவந்து தந்தார், ஆறு தாள். நான்கு ஓரமும் வெட்டுப்பட்ட ஸ்கேன், தாள் எண் எதுவும் தெரியவில்லை. ஆனால் வாக்கியம் எங்கும் அறுபடவில்லை, ஒரு தாள் முடிந்த இடத்தில் அடுத்தது சரியாகத் தொடங்கியது. எல்லாம் மகனுக்கு என்று இருந்தது. அந்தக் காலத்து அப்பாக்கள் அப்படித்தானே எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டு பாதி பெயர்த்துவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி இருக்கும், நல்ல மழை. மூன்று தடவை அடுத்தடுத்து ஃபைல் இடப்பக்கம் ஓடியதில் எரிச்சலாகி அனிலுக்கு போன் செய்தேன். "சேச்சி, அந்த செட்டிங்ஸ் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அயச்சு விடுங்கோ," என்றான். நான் பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்தி பெயிண்டில் ஒட்டினேன். அந்தப் பட்டனை அழுத்தினால் எல்லாத் திரைகளும் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்து ஒரே நீளப் படமாக வந்து விழும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

நான்கு திரைகள் விழுந்தன. வலப்பக்கம் மூன்றும் என் முன்னால் எரிகிறவை. இடது ஓரத்தில் நான்காவது, அது கறுப்பாக ஒன்றுமில்லாமல் இருந்திருக்க வேண்டும். அதில் இரண்டு ஃபைல்கள் திறந்திருந்தன. ஒன்று உயிலின் ஒரு தாள், அதே கையெழுத்து, அதே மங்கின மை, ஆனால் நான் பார்த்திராத தாள். ஓரம் வெட்டப்படவில்லை. மேலே மூலையில் நாலாம் தாள் என்று இருந்தது. பக்கத்தில் அதன் மலையாள மொழிபெயர்ப்பு, என் எழுத்துரு, நான் விடுகிற அதே இடைவெளிகள்.

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், எனக்கு அப்போது பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. யாரோ என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. பட்டன்களைத் தட்டி அந்த ஃபைல்களை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. நான் திறந்தவை மட்டும்தான் வந்தன. இன்டர்நெட் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, படத்தைப் பெரிதாக்கி அந்தத் தாளைப் படித்தேன். கடைக்குப் பின்னால் உள்ள இரண்டு அறையும் கிணறும் என் மகள் பொன்னம்மாளுக்கு, அவள் ஆயுள் உள்ளவரை அவளை அங்கிருந்து இறக்க யாருக்கும் பாத்தியதை இல்லை என்று இருந்தது. பொன்னம்மாளை எனக்குப் பார்த்துத்தான் பழக்கம், கல்யாணம் ஆகாதவர், அந்தப் பின்னறையில்தான் முப்பது வருஷமாக இருக்கிறார். வழக்கே அவரை இறக்கத்தான்.

அனில் மழையோடு வந்தான். படத்தைப் பார்த்தான், அடாப்டரைக் கழற்றினான், மாட்டினான், வைரஸ் பார்த்தான். ஒன்றுமில்லை என்றான். ஃபைல்கள் என் லேப்டாப்பில் எங்கேயும் இல்லை.

"நீ வேற வக்கீல் ஆபீசுக்கெல்லாம் போவியா அனிலு?" என்று கேட்டேன். "பொன்னம்மாக்கா பக்கத்து வக்கீலுக்கு?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "சேச்சிக்கு என் மேல சம்சயமா?"

இல்லை என்று சொன்னேன். அது பொய், அவனுக்கும் தெரிந்திருக்கும். குடுத்த சாயாவைக் குடிக்காமல் போனான்.

மறுநாள் நடராஜனை வரச் சொன்னேன். ஸ்கேனில் ஓரம் வெட்டியிருக்கிறது, மூலத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்றேன். அவர் நாற்காலியில் உட்காரவில்லை.

"உள்ளது அம்புட்டும் தந்தாச்சு. இனி என்ன பாக்கணும்?"

"நாலாவது தாள் எங்க அண்ணாச்சி?"

நான் அப்படிப் போட்டு உடைத்திருக்கக் கூடாது. அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். என் மூன்று திரைகளையும் ஒன்று மாற்றி ஒன்று பார்த்தார்.

"அக்கா இங்க வந்தாளா?"

"யாரும் வரல."

"அப்பம் ஒமக்கு எப்படித் தெரியும்?"

என்ன சொல்ல முடியும் சொல்லுங்கள். சுவருக்குள் இருக்கிற மானிட்டரில் பார்த்தேன் என்றா. அவர் இறங்கிப் போய்விட்டார், நேராக என் கணவர் வேலை செய்கிற கடைக்குப் போய் முதலாளியிடம் ஏதோ பேசியிருக்கிறார்.

சாயங்காலம் இவர் வந்து சட்டையைக் கூடக் கழற்றாமல் கேட்டார். "நமக்கு என்னத்துக்கு இந்த வேலை? தந்ததை எழுதிக் குடுக்கணும், அதானே? நம்ம பிழைப்பு இந்தத் தெருவுல கேட்டியா."

படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "நீயே எழுதி வச்சிட்டு மறந்திருப்ப," என்றார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்ரீலதா வக்கீலுக்கு போன் செய்து, தாள்களின் எண்ணிக்கை எனக்குத் திருப்தியாக இல்லை, பதிவு அலுவலகத்திலிருந்து நகல் வந்தால்தான் மொழிபெயர்ப்பில் கையெழுத்துப் போடுவேன் என்றேன். அவர் என்னைவிடக் கெட்டிக்காரி. "எதிர்ப்பக்கம் எப்படியும் காப்பி எடுக்கும் பகவதி. கோர்ட்டில் நாம நாணம் கெட வேண்டாம்," என்றார். பதினோரு நாளில் நகல் வந்தது. ஏழு தாள். நாலாம் தாள் இருந்தது, நான் படித்த அதே வரிகளோடு. ஸ்ரீலதா வழக்கிலிருந்து விலகினார், போகும்போது நடராஜனிடம் என்ன சொன்னாரோ தெரியாது, கொஞ்ச நாளில் அக்காவும் தம்பியும் சமரசம் எழுதிக்கொண்டார்கள். அதற்கும் அந்த உயிலின் மலையாளம் வேண்டியிருந்தது, ஏழு தாளையும் நான்தான் பெயர்த்தேன், நகலைப் பார்த்து மட்டும். அந்தப் படத்தைத் திறக்கவே இல்லை. பொன்னம்மாள் இன்றும் பின்னறையில்தான் இருக்கிறார். நடராஜன் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்.

இதுவரைக்கும் யாராவது எனக்குக் காரணம் சொல்லிவிடலாம். யாரோ நகலை முன்பே எடுத்து என் கம்ப்யூட்டரில் போட்டிருக்கலாம், பொன்னம்மாள் பக்கத்து ஆட்கள் செய்திருக்கலாம், நானும் அப்படி நினைத்துத்தான் தூங்கினேன். ஆனால் சமரசம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஸ்ரீலதா போன் செய்தார், வழக்கை விட்டாலும் என் மொழிபெயர்ப்பு அவர் கை வழியாகத்தான் போயிருந்தது. நாலாம் தாளில் சாட்சியின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை, செல்லப்பன் என்பதில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது, திருத்தித் தர வேண்டும் என்றார். சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அந்தப் படத்தில் இருந்த மலையாளம் நினைவுக்கு வந்தது. படத்தைத் திறந்தேன். அந்த மலையாளத்தில், அதே வரியில், அதே எழுத்து விட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு வரியாக வைத்துப் பார்த்தேன். ஒரு சொல் மாறவில்லை. நான் பெயர்ப்பதற்கு முன்பே நான் பெயர்த்தது அங்கே இருந்தது. வெளியாள் யாரும் என் பிழையை எனக்கு முன்னால் செய்ய முடியாது, இல்லையா?

அன்றைக்கே அனிலைக் கூப்பிட்டேன். அவன் வரவில்லை, வேறொருவனை அனுப்பினான். புது அடாப்டர் மாட்டினோம், பழையது குப்பைக்குப் போனது. இப்போது செட்டிங்ஸில் மூன்றே கட்டங்கள். இடப்பக்கம் தள்ளினால் அம்பு ஓரத்தில் முட்டி நின்றுவிடுகிறது.

படத்தை மட்டும் நான் அழிக்கவில்லை. அழித்திருக்கலாம். போன ஆடி மாதம் ஒரு நாள் திரும்பத் திறந்து, எதற்கென்று தெரியாமல் அந்த நான்காவது திரையின் அடிப்பகுதியைப் பெரிதாக்கினேன். கீழே பட்டியில் மூன்று ஃபைல்களின் பெயர்கள் இருந்தன. இரண்டு எனக்குத் தெரிந்தவை. மூன்றாவது திறந்து சுருக்கி வைக்கப்பட்டிருந்தது. என் ஃபைல்களுக்கு நான் வழக்கின் இரண்டு கட்சிகளின் பெயரைத்தான் வைப்பது, முதலில் வாதி, ஒரு கோடு, பிறகு பிரதிவாதி. நடராஜன் கோடு பொன்னம்மாள், இப்படி. மூன்றாவதின் பெயர் இடம் போதாமல் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. முதலில் பகவதி. பிறகு கோடு. பிறகு 'மு' என்ற ஒரே எழுத்து, அதற்குப் பின் மூன்று புள்ளி.

எனக்கு யாரோடும் வழக்கில்லை. என் வீட்டுக்காரர் பெயர் முத்துசாமி, என் தம்பி முருகேசன். இரண்டு பேரும் என்னிடம் ஒரு குறையும் வைத்ததில்லை. தம்பி ஆவணியில் வந்தான், அப்பா வீட்டை அவன் பெயருக்கு மாற்ற, என் பங்கை நான் விட்டுக்கொடுக்கிற ஒரு விடுதலைப் பத்திரம், நாங்கள் எப்போதோ பேசி முடிவு செய்ததுதான், கையெழுத்துப் போட்டுக் கொடு அக்கா என்று நீட்டினான். தாள்களை எண்ணினேன். வாசித்தேன். திரும்ப எண்ணினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு போடுகிறேன் என்றேன். "எதுக்கு?" என்றான். இவர் பக்கத்தில் நின்று, "அவ படிக்கட்டும் மாப்ள, அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையையும் நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன். தம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டான். அதன் பிறகு போன் வரவில்லை. பத்திரம் என் மேஜை டிராயரில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது, இரண்டு 'மு'வில் எது என்று எனக்குத் தெரியவில்லை.