பேனா நீளக் குச்சி

செயல்வழிக் கற்றல் அட்டைகள் பள்ளிக்கு வந்த வருடம் அது. விருத்தாசலத்தில் இரண்டாம் வகுப்புக்கு நீள அளவு சொல்லிக்கொடுத்தேன். ஒரு சிறுமியின் அம்மா பீங்கான் பொம்மைப் பட்டறையில் வேலை செய்தார். அவர் மண் கொடுத்தார், சுட்டுத் தருவதாகவும் சொன்னார். பிள்ளைகள் அதைக் குச்சியாக உருட்டி, என் பேனாவின் நீளத்துக்குச் சரியாக வெட்ட வேண்டும்.

அந்தச் சிறுமியின் குச்சி மட்டும் ஒரு விரல்கடை நீண்டிருந்தது. "கண்ணு எங்க இருக்குது?" என்று ஸ்கேலால் அவள் கையில் ஒன்று வைத்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பேசாத" என்றேன். மிச்சத்தை நானே நறுக்கி எறிந்தேன்.

திங்கட்கிழமை அவள் அம்மா சுட்ட குச்சிகளைக் கொண்டுவந்தார். எல்லாமே பேனாவைவிடக் குட்டையாக இருந்தன.

"மண்ணு வெந்தா சுருங்கிடுங்க டீச்சர். கொஞ்சம் நீட்டித்தான் வெட்டணும். பாப்பாவுக்குத் தெரியுமே, சொல்லலீங்களா?"

அவர் போனபின் சிறுமியை அழைத்தேன். பேனாவையும் அவள் குச்சியையும் மேசையில் அருகருகே வைத்து, "எது நீளம், பாத்துச் சொல்லு" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் குச்சியைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்" என்றாள்.